வெல்வெட் பார்க்க வந்த அம்மா

எங்கள் கடையில் உட்காரத் தகுதி பெற்றவர்கள் இரண்டே வகை. துணி வாங்க வந்தவர்கள் ஒரு வகை, முதலாளி இன்னொரு வகை. நாங்கள் விற்கிறவர்கள். விற்கிறவர்கள் நிற்க வேண்டும் என்பது கடை திறந்த நாளிலிருந்து இருக்கும் சட்டம். ஷட்டர் தூக்கும்போது நிற்க ஆரம்பித்தால் ஷட்டர் இறக்கும்வரை நிற்க வேண்டும். அலமாரியில் சாயக் கூடாது, கவுண்டரில் முழங்கை ஊன்றக் கூடாது. ஆளே வராமல் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாலும் அந்த ஈயை நின்றுகொண்டுதான் ஓட்ட வேண்டும்.

எங்கள் மாடி சூப்பர்வைசருக்கு நாங்கள் வைத்த பெயர் 'நிமிருங்க'. யாராவது லேசாகச் சாய்ந்தால் போதும், மூக்கில் வியர்த்தது போல எங்கிருந்தோ வந்து நிற்பார். "நிமிருங்க" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டார். கூரையில் கேமரா வேறு. நாங்கள் உட்காராமல் இருக்கிறோமா என்று முதலாளி தன் அறையில் உட்கார்ந்துகொண்டு பார்ப்பார். இதை நான் வாய்விட்டுச் சொன்னால் வாய்க்கொழுப்பு என்பார்கள். கடையில் எனக்குப் பெயரே பட்டாசு.

நான் கர்ட்டன் பிரிவில் இருக்கிறேன். அதே கவுண்டரில் என் பக்கத்தில் நிற்பவள் என் அண்ணி, என் கூடப்பிறந்த அண்ணனின் மனைவி. அடுத்த கவுண்டரில் தலையணை அக்கா. தலையணை விற்பதால் அந்தப் பெயர். அவள் காலில் நரம்பெல்லாம் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருக்கும். காலுறை போட்டு மறைத்துக்கொள்வாள்.

அண்ணி அப்போது கர்ப்பமாக இருந்தாள். இதற்கு முன் ஒன்று வந்து தங்காமல் போயிருந்தது. அப்போதும் இதே கவுண்டர்தான், இதே நிற்றல்தான். இந்த முறை டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார்.

"வேலைக்குப் போங்க, வேணாங்கல. ஆனா ஒரேயடியா நிக்கக் கூடாது. நடுநடுவுல உட்காரணும், காலைத் தூக்கி வைக்கணும். இல்லன்னா இதையும் காப்பாத்துறது கஷ்டம்."

மருந்து மாத்திரை என்றால் கையைக் காலைப் பிடித்தாவது வாங்கியிருப்போம். ஊசி என்றால் போட்டிருப்போம். அவர் சொன்னது உட்காரத்தான். உலகத்தில் செலவே இல்லாத வைத்தியம் அது. அதற்குத்தான் எங்களிடம் வழி இல்லை. வேலையை விடலாம் என்றால் அண்ணன் பெயிண்டர், வேலை வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. வீடு நகர்வது எங்கள் இருவர் சம்பளத்தில்.

நிமிருங்கவிடம் போய்க் கேட்டோம்.

"கடைல சட்டம்னு ஒண்ணு இருக்கும்மா" என்றார். "முடியலன்னா லீவு போடுங்க. திரும்பி வரும்போது இடம் இருக்குமான்னு நான் சொல்ல முடியாது."

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஆளை ஒரு கர்ட்டன் துணியில் சுருட்டி அலமாரியில் ஏற்றியிருப்பேன். அண்ணிதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

அப்புறம்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. கேமரா மேலே இருக்கிறது. மேலேயிருந்து பார்க்கிறவனுக்கு முகம் தெரியாது, விற்கிற நாங்கள் எல்லோரும் போடும் நீலக் கோட்தான் தெரியும். கோட் போட்டவள் உட்கார்ந்தால் குற்றம். கோட் இல்லாதவள் உட்கார்ந்தால் வாடிக்கையாளர். கூட்டம் குறைந்த மதிய வேளையில், நிமிருங்க சாப்பிடப் போகும் நேரம் பார்த்து, அண்ணி அலமாரி மறைவில் கோட்டைக் கழற்றித் துணிக்கு அடியில் தள்ளிவிடுவாள். என்னுடைய நல்ல சால்வையைப் போர்த்திக்கொண்டு கவுண்டருக்கு முன்னால் வந்து வாடிக்கையாளர் ஸ்டூலில் உட்காருவாள். இன்னொரு ஸ்டூலில் காலைத் தூக்கி வைத்து மேலே துணியை இழுத்து விடுவேன். நான் எதிரே நின்று துணி காட்டுவேன். தலையணை அக்கா தன் கவுண்டரையும் அண்ணியின் பக்கத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வாள்.

"இது எப்படிங்க இருக்கு மேடம்?" என்பேன்.

"கலர் கொஞ்சம் அடிக்குதே" என்பாள் அண்ணி. சிரிப்பை அடக்கிக்கொண்டு இரண்டு பேரும் குனிந்துகொள்வோம்.

இதில் நாங்கள் ஒரு தப்புப் பண்ணினோம். பருத்தித் துணியை யார் அவ்வளவு நேரம் பார்ப்பார்கள், சந்தேகம் வருமே என்று பயந்து, கடையிலேயே விலை கூடின வெல்வெட்டை எடுத்து விரித்தோம். துணிக்கடைக்காரிக்குத்தான் இப்படிப் புத்தி போகும். விலைக்கு ஏற்ற நேரம் உட்காரலாம் என்று கணக்கு. அந்த வெல்வெட் சுருளை நாங்கள் தினமும் பிரித்தோம், தினமும் சுருட்டினோம். அண்ணியின் கால் வீக்கம் வற்ற ஆரம்பித்தது. டாக்டரம்மாவும் "இப்படியே இருங்க" என்றார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

மேலே கேமராவில் முதலாளி பார்த்தது வேறு. யாரோ ஒரு அம்மா அதே சால்வையில் தினமும் வருகிறார், மணிக்கணக்காக வெல்வெட் பார்க்கிறார், வாங்காமல் போகிறார். பெரிய இடம் போலிருக்கிறது, பங்களாவுக்கோ ஓட்டலுக்கோ மொத்தமாக எடுக்கப் பார்க்கிறார், இந்தப் பெண்களுக்கு விற்கத் தெரியவில்லை என்று முடிவு கட்டிவிட்டார்.

ஒரு மதியம் அவரே இறங்கி வந்துவிட்டார்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினால் முதலாளி. அண்ணி எழுந்திருக்கப் பார்த்தாள்.

"உட்காருங்கம்மா, உட்காருங்க" என்றார் முதலாளி. தேன் ஒழுகியது குரலில். அப்போதுதான் அவர் அண்ணியின் வயிற்றைப் பார்த்தார். ஸ்டூலைப் பார்த்தார். என் பக்கம் திரும்பி முறைத்தார்.

"மாசமா இருக்கிறவங்களை இந்த ஸ்டூல்லயா உட்கார வைப்பீங்க? முதுகு என்னத்துக்கு ஆகும்? அறிவு வேணாம்?"

சாப்பாட்டைப் பாதியில் விட்டு ஓடி வந்த நிமிருங்கவை விரட்டி, தன் அறையிலிருந்து தன்னுடைய சாய்வு நாற்காலியையே கொண்டுவரச் சொன்னார். அண்ணியை அடையாளம் கண்டு நிமிருங்க வாயைத் திறந்தார், முதலாளி பேச விடவில்லை. தலையணை அக்காவின் அலமாரியிலிருந்து ஒரு தலையணையைத் தானே எடுத்து அண்ணியின் காலடியில் வைத்தார். குடிக்கத் தண்ணீர் வந்தது. மின்விசிறி திரும்பியது. அண்ணி அந்தக் கடையில் பல வருஷமாக வேலை பார்க்கிறாள். சம்பளக் கவரை அந்த மனிதர் கையாலேயே வாங்கியிருக்கிறாள். அவருக்கு அவள் முகம் தெரியவில்லை.

"நம்ம கடைக்கு வர்ற யாரும் கால் வலிக்க நிக்கக் கூடாதும்மா" என்றார் முதலாளி. "அதுதான் எங்க கொள்கை."

சரி, தப்பித்தோம், தலையாட்டிவிட்டு மெல்ல நழுவிவிடலாம் என்று நான் அண்ணிக்குக் கண்ணால் ஜாடை காட்டினேன். அந்த நேரம் பார்த்து, இரண்டு பேர் வேலையை ஒருத்தியாகப் பார்த்துக்கொண்டிருந்த தலையணை அக்கா, கால் துவண்டு அலமாரியைப் பிடித்துச் சாய்ந்துவிட்டாள்.

முதலாளியின் தேன் எங்கே போனதோ தெரியவில்லை. "ஏய், அங்க என்ன சாய்ஞ்சுகிட்டு? கஸ்டமர் முன்னாடி நிக்கிற லட்சணமா இது? இன்னொரு தடவை பாத்தேன், அப்படியே வீட்டுக்குப் போயிடு" என்றார்.

அக்கா சட்டென்று நிமிர்ந்தாள். அவள் முகம் வலியில் கோணியதை நான் பார்த்தேன். அண்ணியும் பார்த்தாள்.

அண்ணி நாற்காலியிலிருந்து எழுந்தாள். "அக்கா, நீங்க வந்து இதுல உட்காருங்க" என்றாள்.

"அய்யய்யோ, நீங்க எதுக்கும்மா எழுந்திரிக்கிறீங்க" என்று முதலாளி பதறினார்.

அண்ணி வெல்வெட்டுக்கு அடியில் கையை விட்டு நீலக் கோட்டை எடுத்தாள். சால்வையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுக் கோட்டைப் போட்டுக்கொண்டாள். எனக்கு உயிரே போய்விட்டது. வேண்டாம் அண்ணி, வேண்டாம் என்று மனசுக்குள் கத்தினேன்.

"உங்க கடைக்கு வர்றவங்க யாரும் நிக்கக் கூடாதுன்னு சொன்னீங்களே சார்" என்றாள் அண்ணி. "நாங்களும் உங்க கடைக்குத்தான் வர்றோம். தினமும் வர்றோம்."

மாடியில் நாலைந்து நிஜ வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். எல்லோரும் துணியை விட்டுவிட்டு இந்தப் பக்கம் பார்த்தார்கள். முதலாளியின் முகம் சிவந்து, வெளுத்து, மறுபடியும் சிவந்தது. அவர்கள் முன்னால் கத்தவும் முடியவில்லை. குரலைத் தாழ்த்தினார்.

"சரி. மாசமா இருக்க, போனா போகட்டும். உனக்கு மட்டும் ஒரு ஸ்டூல் போட்டுக்கோ. ஓரமா, மத்தவங்க கண்ணுல படாம."

கோட் ஏறியதும் 'நீங்க' இறங்கி 'நீ' ஆகிவிட்டதை நான் கவனித்தேன். ஆனாலும் என்ன, கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி, கேட்டது கிடைத்துவிட்டது. சரி சார் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அண்ணி முந்திக்கொண்டாள்.

"எனக்கு மட்டும்னா அது உங்க தயவு சார். நாளைக்கு உங்களுக்கு மனசு மாறினா ஸ்டூலும் போயிடும். அக்காவுக்கும் குடுங்க. எல்லாருக்கும் குடுங்க. அப்பதான் எனக்கும் அது நிலைக்கும்."

"ஏமாத்தினதும் இல்லாம பேச்சு வேறயா?" என்றார் முதலாளி. "நாளைலேருந்து நீ வேலைக்கு வர வேணாம்."

சாயங்காலம் பின்வாசல் சந்தில் எல்லோரும் கூடி நின்றோம். நான் அண்ணியைப் பிடித்து உலுக்காத குறைதான்.

"சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. உங்களை யாரு அண்ணி வாயைத் திறக்கச் சொன்னா? குடுத்த ஸ்டூலை வாங்கிட்டு உட்கார வேண்டியதுதானே. வயித்துல இருக்கிறதை நினைச்சீங்களா?"

"அதை நினைச்சுதான் சொன்னேன்" என்றாள் அண்ணி. "அக்கா எனக்கும் சேர்த்து நின்னதாலதான் அவங்களுக்குக் கால் துவண்டுச்சு. இன்னொருத்தி காலை வாங்கித்தான் நான் உட்காரணுமா?"

எனக்கு அழுகையாக வந்தது. கோபத்தில் வந்ததா, பயத்தில் வந்ததா என்று பிரிக்கத் தெரியவில்லை. இந்தக் குழந்தையும் போய்விடுமோ, வேலையும் போய்விட்டதே என்று இரண்டும் சேர்ந்துகொண்டன. தலையணை அக்கா என் முதுகைத் தட்டினாள்.

"அவரு என்ன சொன்னாரு? வேலைக்கு வர வேணாம்னாரு. துணி வாங்க வர வேணாம்னு சொல்லலியே" என்றாள். "நாளைக்கு யாரும் கோட் போடாதீங்க. முன்வாசல் வழியா வாங்க. நல்லதா உடுத்திட்டு வாங்க."

வீட்டுக்குப் போய் அண்ணனிடம் சொன்னோம். வேலை போச்சு என்று குதிப்பான் என்று நினைத்தேன். அவனோ அண்ணியின் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். எனக்கும் தலைக்கு மேலே வெள்ளம் போனபின் சாண் என்ன முழம் என்ன என்று ஒரு துணிச்சல் வந்துவிட்டது.

மறுநாள் காலையில் முன்வாசலில் வாட்ச்மேன் அண்ணன் எங்களைப் பார்த்தார். வருஷக்கணக்காகப் பின்வாசலில் எங்கள் பையைச் சோதித்த மனிதர். முகத்தில் ஒரு சுருக்கம் மாறாமல் கண்ணாடிக் கதவை அகலத் திறந்து, "வாங்க மேடம்" என்றார்.

எல்லா மாடிக்காரர்களும் எங்கள் மாடிக்கே வந்துவிட்டார்கள். பெட்ஷீட், பேன்ட் துணி, பில் போடுகிறவர்கள், பெருக்குகிற பெண் எல்லோரும் ஸ்டூல்களில் உட்கார்ந்தோம். அண்ணியை முதலாளியின் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தோம். அதை முந்தின நாள் திரும்பக் கொண்டுபோக எல்லோரும் மறந்திருந்தார்கள். நிமிருங்க ஒருத்தர்தான் நடுவில் நின்றார். பழக்க தோஷத்தில் "நிமி" என்று ஆரம்பித்தார். சாய்ந்தவர்கள் யாரும் இல்லாததால் மீதியை விழுங்கினார்.

கேமராவில் ஸ்டூல் எல்லாம் நிரம்பி இருப்பதைப் பார்த்து முதலாளி பூரித்துப் போயிருக்க வேண்டும். காலங்காத்தாலே இவ்வளவு கூட்டமா என்று வாயெல்லாம் பல்லாக இறங்கி வந்தார். முதலில் இருந்த பெருக்குகிற பெண்ணிடம் குனிந்தார்.

"என்ன பாக்குறீங்கம்மா? உங்களை இன்னும் யாரும் கவனிக்கலியா?"

"இல்ல சார்" என்றாள் அவள். "ரொம்ப வருஷமாவே யாரும் கவனிக்கல."

முதலாளிக்கு விளங்கவில்லை. அடுத்த ஆளிடம் போனார், அதற்கடுத்த ஆளிடம் போனார். அப்புறம் நிமிருங்கவைப் பார்த்து, "ஸ்டாஃப் எல்லாம் எங்கய்யா?" என்றார்.

"எல்லாரும் உட்கார்ந்திருக்காங்க சார்" என்றார் நிமிருங்க.

அதன் பிறகு நடந்த பேச்சு நீளமானது. போலீஸைக் கூப்பிடுவேன் என்றார், கடையை மூடிவிடுவேன் என்றார், உங்களை நம்பி இருக்கிற என் பிழைப்பு என்றார். நாங்கள் சத்தம் போடவில்லை, கோஷம் போடவில்லை. வேலை இல்லாத நேரம் உட்காருவோம், வாடிக்கையாளர் வந்தால் எழுந்து காட்டுவோம், அண்ணியைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டும், இவ்வளவுதான் கேட்டோம்.

"உட்கார்றது என்ன பெரிய உரிமையா? எந்த நாட்டுல குடுத்திருக்கான்?" என்றார் முதலாளி.

"யாரும் குடுக்க வேணாம் சார்" என்றாள் தலையணை அக்கா. "எந்த நாட்டுல பொறந்தாலும் மனுஷனுக்கு முட்டி மடங்குது. அதை மடக்கக் கூடாதுன்னு சொல்றதுக்குத்தான் காரணம் வேணும்."

இதெல்லாம் நடக்கிற நேரம் முழுக்க முதலாளி நின்றுகொண்டிருந்தார். உட்கார இடமில்லை. அவருடைய நாற்காலியிலும் அண்ணி. ஒரு காலை மாற்றினார், மறுகாலை மாற்றினார், இடுப்பில் கை வைத்தார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள். கடைசியில், பேச்சுவாக்கில், தன்னை அறியாமல் அலமாரியில் முழங்கையை ஊன்றிச் சாய்ந்தார்.

என் நாக்கு என் பேச்சைக் கேட்டு எத்தனையோ நாளாகிவிட்டது. "நிமிருங்க சார்" என்றேன்.

அவர் விறைத்து நிமிர்ந்தார். அப்புறம் எங்கிருந்தோ ஒரு சிரிப்பு கிளம்பி மாடி முழுக்கப் பரவியது. முதலாளி சிரிக்கவில்லை. தன் முழங்கையைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார், காலைக் குனிந்து பார்த்தார். படியில் நிஜ வாடிக்கையாளர்கள் ஏறி வரும் சத்தம் கேட்டது.

"சரி" என்றார். "எல்லா கவுண்டருக்கும் ஸ்டூல் போடுங்க. இவளும்… இவங்களும் வேலைக்கு வரட்டும்."

"பெருக்குறவங்களுக்கும் சார்" என்றாள் அண்ணி. "வாட்ச்மேன் அண்ணனுக்கும்."

"வாட்ச்மேன் உட்கார்ந்தா காவல் யாரு பாக்குறது?"

கீழே இருந்து எப்போது ஏறி வந்தாரோ, படிக்கட்டில் நின்ற வாட்ச்மேன் அண்ணன் பதில் சொன்னார். "திருடன் வந்தா எழுந்திரிச்சுக்கிறேன் சார்."

முதலாளி கையை உதறினார். அதுவும் சரி என்று அர்த்தம். மாடிப்படி ஏறப் போனவரைப் பின்னாலிருந்து ஒரு குரல் நிறுத்தியது.

"சார், எனக்கும்."

நிமிருங்க. தலையைக் குனிந்துகொண்டு நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இவருக்கா? எங்களைச் சாய விடாம விரட்டின மனுஷன். அண்ணி வயித்தைப் பிடிச்சுக்கிட்டுப் போய்க் கேட்டப்ப சட்டம் பேசின மனுஷன். இவரு நிக்கட்டும், அப்பதான் புத்தி வரும்."

கூட்டத்தில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். எனக்கு அந்த நேரம் நான் சொன்னது நூற்றுக்கு நூறு நியாயமாகத்தான் பட்டது.

"நீ சும்மா இரு" என்றாள் அண்ணி. நாற்காலியில் உட்கார்ந்தபடியே என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லவங்களுக்கு மட்டும்னு நாம கேக்கல. எல்லாருக்கும்னு கேட்டோம். ஆளு பாத்துக் குடுக்கிறதுன்னா நேத்து அவரு எனக்கு மட்டும்னு குடுத்தாரே, அதையே வாங்கிட்டுப் போயிருக்கலாம்."

பட்டாசு நமுத்துப் போவது கடையில் எல்லோருக்கும் வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும். நான் உட்கார்ந்திருந்த ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் டொக்கென்று வைத்தேன். மரியாதையாக வைக்க மனசு வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவர் அதன் நுனியில் உட்கார்ந்தார். யாரோ நடந்து போனதும் சட்டென்று எழுந்தார். மறுபடியும் உட்கார்ந்தார். ஷூவை மெல்லக் கழற்றினார். அவர் கால் தலையணை அக்காவின் கால் போலவே வீங்கியிருந்தது.

"பழகலம்மா" என்றார் என்னிடம்.

"பழகிடும் சார்" என்றேன்.

பழகத்தான் எங்களுக்கும் நாளானது. முதல் வாரம் முழுக்க ஸ்டூலை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றோம். முதலாளியும் ஒரு தடவை இரண்டு தடவை ஸ்டூல்களைக் குறைக்கப் பார்த்தார். கர்ட்டன் பிரிவு ஸ்டூலைக் காணோம் என்றால் பேன்ட் துணிக்காரர்கள் கேட்டார்கள், வாட்ச்மேனுடையதைக் காணோம் என்றால் நாங்கள் கேட்டோம். திரும்பி வந்துவிடும். அண்ணி மாதம் நிறையும்வரை வேலைக்கு வந்தாள். அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு குளிரும்.

ஒரு விடியற்காலையில் பெண் குழந்தை பிறந்தது. உள்ளேயிருந்து அது போட்ட சத்தம் வராந்தா முழுக்கக் கேட்டது. என் வாய் அப்படியே வந்திருக்கிறது. அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சரிந்து, ஆஸ்பத்திரித் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். போகிற நர்ஸுகளும் வருகிற ஆட்களும் அவன் காலைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். எழுந்திரு என்று ஒருத்தரும் சொல்லவில்லை.